கொக்குத் தலையனும் என் முள்வேலியும்

எனக்கென்று வாய்த்த முதல் மனைக்குப் பட்டா கிடையாது, சிட்டா கிடையாது, பஸ்ஸும் கிடையாது. மரக்காணம் பஸ் நிலையத்தில் எந்த வண்டி ஏறினாலும் அங்கே போய் இறங்க முடியாது. கம்ப்யூட்டரைப் போட்டு, நெட் வருகிறதா என்று பார்த்து, வந்தால் போகலாம். கடல்காற்று கொஞ்சம் கோபமாக அடித்தால் கேபிள் ஆடிப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுவிடும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உலகம் அது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பொம்மை உடம்பை எடுத்துக்கொண்டு அங்கே நடமாடுகிறார்கள். இடத்தை வாடகைக்குப் பிடித்து வீடு கட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள், ஒருவருக்கொருவர் விற்று வாங்குகிறார்கள். அதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு. என் வீட்டில் 'அந்த ஊர்' என்றுதான் சொல்லுவோம். "எங்க உங்க வீட்டுக்காரர்?" என்று யாராவது கேட்டால், நான் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, "அந்த ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு என் மனைவி ஜாக்கெட் தைக்கத் தொடங்கிவிடுவாள்.

எங்கள் கடை ஒன்றுதான். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. ஒரு பக்கம் நான், ஃபிளெக்ஸ் பேனர். மறுபக்கம் அவள், தையல். முன்பெல்லாம் காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, ஊரில் எது நடந்தாலும் என் கடை வழியாகத்தான் நடக்கும். பிறகு ரோட்டோரம் பேனர் வைக்கக் கெடுபிடி வந்தது. வாழ்த்தும் அஞ்சலியும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் குடியேறிவிட்டன. இப்போது கூட்டமெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம். அளவு கொடுக்க வருகிற பெண்கள் என் பக்கத்து நாற்காலிகளில் கைப்பை வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போடச் சொன்னபோது தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுத பொடியன். இப்போது கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒன்றில் மேனேஜர். பெரிய மீசை வேறு.

"மாமா, சூப்பர்வைசர் வேலை ஒண்ணு காலியா இருக்குது. தொட்டி தொட்டியா சுத்தி வரணும், அவ்ளோதான். உங்களுக்கு நடைப்பயிற்சி மாதிரி."

"உனக்குக் கீழயா மச்சான்?"

"கீழ மேலன்னு இன்னா மாமா? எல்லாரும் இறாலுக்குக் கீழதான்."

நன்றாகத்தான் சொன்னான். அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டில் ஜோக் அடிக்கிற உரிமை என்னிடம்தான் இருக்க வேண்டும். அன்று மாலையே யூடியூபில் கண்ட ஒரு வீடியோவை நம்பி, அந்த ஊரில் கடை வைக்கப் போவதாக அறிவித்தேன். வீடியோவைக்கூட முழுதாக நம்பவில்லை. அதில் பேசியவன் அளவுக்கு அதிகமாகச் சிரித்தான்.

என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: "அங்க இன்னா விப்பீங்க?"

"தரை."

"தரையா?"

"தரையோட போட்டோ. அங்க வீடு கட்டறவங்களுக்கு, தரைக்கும் சுவருக்கும் ஒட்ட ஏதாவது படம் வேணும். டைல்ஸ் மாதிரி. நம்ம உப்பளத்துல இல்லாத டிசைனா? வெடிச்ச சேறு ஒண்ணு, உப்புப் பூத்தது ஒண்ணு, கால் தடத்தோட ஒண்ணு..."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "ஆயுத பூஜை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒரே ஒரு பொருள், யாரோ ஒரு மூணாவது மனுஷன் வாங்கிட்டான்னா, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா தம்பி கம்பெனிக்குப் போயிடுங்க."

மூன்றாவது மனிதன் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வேறு பெயரில் நானே போய் என் கடையில் வாங்கிவிடலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியிருந்தது. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் காலை கேமராவோடு உப்பளத்துக்குப் போனேன். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்தியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா நீளக் காம்பு வைத்த வாரு பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், எந்த ஆபீசு நீங்க?"

"ஆபீசு இல்லம்மா. தரையை போட்டோ எடுக்கறேன்."

"எதுக்கு?"

யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். "விக்கறதுக்கு."

"ஏ, இங்க வாங்கடி! நம்ம தரைய விக்கப் போறாராம் இவரு!"

அடுத்த நிமிடம் என்னைச் சுற்றி ஆறேழு பலகைகள் ஊன்றப்பட்டன. ரோடு அகலம் பண்ணவா, கம்பெனி வருதா, எங்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் அந்த ஊரைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க என் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. இல்லாத ஊரில் இல்லாத வீட்டுக்கு இந்தத் தரையை ஒட்டப் போகிறேன் என்று ஒருவன் வியர்த்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் அந்த அம்மாவே, "வுடுங்க, வெயிலு தலைக்கேறிடுச்சு போல" என்று என்னைக் காப்பாற்றினார். படங்கள் நன்றாக வந்திருந்தன. ஒன்றிரண்டில் மட்டும் கை நடுங்கியிருந்தது. அவற்றையும் ஒரு டிசைனாக வைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் கிடைக்கிறதிலேயே சின்ன மனையாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்தேன். என் பொம்மை உடம்பு கையை விரித்துச் சுற்றினால் பக்கத்து மனையில் இடிக்கும். அந்த உடம்பு வாலிபனாகவும் தலைநிறைய முடியோடும்தான் கிடைத்தது. மனசாட்சிக்குப் பயந்து கொஞ்சம் தொப்பை மட்டும் சேர்த்தேன். ஒரு பக்கத்து மனையில் இருட்டாக ஒரு மாடி வீடு. ஆள் நடமாட்டம் இல்லை.

டீக்கடையில் இதைச் சொன்னதுதான் தப்பு. ஈ.சி.ஆர். ரோட்டில் மனை வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். 'மனைகள் விற்பனைக்கு' என்று அவருக்கு எத்தனையோ பேனர் அடித்துக் கொடுத்திருக்கிறேன். நிலம் என்ற சொல் காதில் விழுந்ததும் கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, கல்லு நட்டியா?"

"இல்லைங்க."

"வேலி?"

"அது கம்ப்யூட்டர்ல இருக்கற எடங்க."

"எதுல இருந்தா இன்னா? நிலம்னா முதல்ல கல்லு, அப்பால வேலி, அப்பால கேட்டு, அப்பால போர்டு. வீடு எப்ப வேணா கட்டிக்கலாம். பக்கத்து மனைக்காரன் யாரு?"

"தெரியாதுங்க."

"தெரியாதா!" என்று அவர் சிரித்தார். "ராத்திரியோட ராத்திரியா ரெண்டடி நவுத்திடுவான். காலைல போய்ப் பாரு, உன் எடத்துல அவன் கக்கூஸ் இருக்கும்."

நீங்கள் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ரோட்டின் இருபக்கமும் மனைகள். கருங்கல் தூண், முள்கம்பி, இரும்பு கேட், 'இந்த இடம் இன்னாருக்குச் சொந்தமானது, அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று ஒரு போர்டு. உள்ளே சவுக்குச் செத்தையும் ஒரு மாடும்தான் இருக்கும். மாடுகூட வேறொருவருடையது. இப்படிப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த போர்டுகளில் பாதி நான் அடித்தவை.

அன்றே போய் வேலை ஆரம்பித்தேன். கருங்கல் தூண்களை ஒவ்வொன்றாகச் செய்து நட்டேன். தூணுக்குத் தூண் முள்கம்பி, வரிசை வரிசையாக. பூட்டோடு ஒரு கேட். 'அத்துமீறி நுழைபவர்கள்' போர்டு. கேட்டுக்கு மேலே திருஷ்டி பொம்மை: சிவப்பு முகம், பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கோரைப்பல். அதற்கு மீசை வரையும்போது கை தானாக மச்சானுடைய மீசைக்குப் போய்விட்டது. தடுத்து நிறுத்த நான் பெரிதாக முயலவில்லை.

எல்லாம் முடிந்து, தரைப் படங்களைக் காட்ட ஒரு பலகையை உள்ளே வைக்கப் போனேன். வைக்க விடவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு அறிவிப்பு வந்தது. காலியாகத்தானே இருக்கிறது என்று மறுபடி வைத்தேன். மறுபடி அறிவிப்பு.

பிறகுதான் விதிமுறையைப் படித்தேன். மனை எவ்வளவு சின்னதோ, அதில் வைக்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கையும் அவ்வளவு குறைவு. தூண் ஒவ்வொன்றும் ஒரு பொருள். கம்பி ஒவ்வொன்றும் ஒரு பொருள். பூட்டுகூட ஒரு பொருள். எனக்கு அனுமதித்த அத்தனையையும் வேலிக்கே செலவழித்திருந்தேன். உள்ளே ஒரு ஆணி அடிக்கக்கூட வழி இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ரெண்டு கம்பியைப் பிடுங்கியிருப்பார்கள். நான் கம்பியைக் கையால் பிடித்தபோதெல்லாம் புரோக்கர் சொன்ன கக்கூஸ் கண்ணில் வந்தது. முதலில் பத்திரம், பிறகு வியாபாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் அவன் வந்தான்.

பக்கத்து மாடி வீட்டுக்காரன். அந்த ஊரில் எந்த உருவத்தையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா, இவன் நீளக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்துக்கு மேலே கொக்குத் தலையோடு இருந்தான். என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். மேலே பார்த்தான். நகரவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

எங்கள் உப்பளக் கால்வாய் ஓரம் கொக்கு நிற்பதை நான் தினமும் பார்க்கிறவன். அது காற்று வாங்குவதற்காக வந்து நிற்பதில்லை.

"எடத்த அளக்கறான்" என்றார் புரோக்கர், விஷயத்தைக் கேட்டதும். "கண்ணாலயே அளப்பானுங்க. நம்ம லைன்ல அப்படிப்பட்டவனுங்க இருக்கானுங்க."

கொக்குத் தலையனிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி துடித்தது. தெரியாதவர்கள் அனுப்புகிற எதையும் திறக்கக் கூடாது என்பது என் கொள்கை. பேங்க்கிலிருந்து பேசுகிறோம், கார்டு பிளாக் ஆகிவிட்டது, நம்பர் சொல்லுங்கள் என்று இந்த ஊரில் எத்தனை பேருக்குப் போன் வந்திருக்கிறது! திறக்காமலே அழித்தேன். இன்னொன்று வந்தது. அதையும் அழித்தேன். மூன்றாவதை அழித்தபோது எனக்கே என் புத்திசாலித்தனத்தின் மீது மரியாதை வந்தது.

ஒருநாள் மத்தியானம் அவன் கேட்டுக்கு இன்னும் நெருக்கமாக வந்தான். நீண்ட அலகு கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு தெரிந்தது. அலகு என் மனைக்குள்! அத்துமீறல்! எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். வேண்டாத ஆளை மனைப்பக்கமே வர முடியாமல் தடை செய்ய ஒரு வசதி இருக்கிறது என்று படித்தது ஞாபகம் வந்தது. தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். திறந்தபோது கோட்டு, அலகு எல்லாம் எங்கோ தூரத்தில் புல்தரையில் மல்லாந்து கிடந்தது.

"தொரத்திட்டேன்!" என்று தடுப்பைத் தட்டிச் சொன்னேன்.

"யாரை?" என்றாள் அவள்.

"பக்கத்து எடத்துக்காரனை. நம்ம எடத்தை மடக்கப் பாத்தான்."

"சரி. இதுவரைக்கும் கடைக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"அவன் ஒருத்தன்தான்."

தையல் மிஷின் நின்றது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செல்போனைத் திரைக்கு எதிரே பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்தால் எந்த மொழியில் இருப்பதையும் தமிழில் காட்டும். மறுபடி துடித்துக்கொண்டிருந்த பெட்டியைத் திறந்துவிட்டிருக்கிறாள்!

"தொடாத! துட்டெல்லாம் போயிடும்!"

"அதுல எங்க துட்டு இருக்குது, போறதுக்கு? கம்முனு கேளுங்க." படித்தாள். "'வணக்கம் அண்டை வீட்டாரே. தங்கள் கடையின் மேலே உள்ள சிவப்பு முகம் கொண்ட மனிதரை நான் விரும்புகிறேன். அவருக்கு விலை எழுதப்படவில்லை. நான் தினமும் வாயிலில் நின்றேன். மூன்று கடிதங்கள் அனுப்பினேன். இன்று ஏதோ ஒன்று என்னைத் தள்ளிவிட்டது. நான் ஏதேனும் தவறு செய்தேனா?'"

ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த ஊர் மொத்தத்திலும் எனக்கென்று அமைந்த ஒரே மூன்றாவது மனிதனைக் கண்ணை மூடிக்கொண்டு புல்தரையில் தள்ளியிருக்கிறேன்.

"ஏமாத்து வேலையா இருக்கும்" என்றேன், குரல் எனக்கே கேட்காமல்.

"உங்களை ஏமாத்தி இன்னா எடுத்துக்குவான்? முள்கம்பியா? கடையத் தொறந்து வச்சிட்டு, வந்த ஒருத்தனையும் கழுத்தைப் புடிச்சித் தள்ளிட்டு..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சிரிப்பு. அளவு கொடுக்க வந்திருந்த பெண் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள்.

தடையை நீக்கினேன். எழுதத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் திருஷ்டி பொம்மையைப் பற்றியே நீளமாக எழுதினேன்: எங்கள் ஊரில் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் இதை மாட்டுவோம், கெட்ட கண் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும், பிறகு பயமில்லை. விலையையும் எழுதினேன். அனுப்பிவிட்டு வேலியைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு தூண் போனதும் இன்னொன்று போவது எளிதாக இருந்தது. கேட்டும் போர்டும் போயின. பொம்மையை மட்டும் ஒரு கம்பத்தில் மாட்டினேன். காலியான இடத்தில் தரைப் படங்களின் பலகையை வைத்தேன். முதன்முறையாக அது கடை மாதிரி இருந்தது.

கொக்குத் தலையன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாடி வீடு இருட்டாகவே கிடந்தது. நான் என் பொம்மை உடம்பை அந்த வீட்டு வாசலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்துவிட்டது. ஃபிளெக்ஸ் மிஷினுக்கும் தையல் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மானிட்டரின் நெற்றியிலும் ஒரு பொட்டு. பொரி கடலை, ஆப்பிள், பூசணிக்காய் எல்லாம் தயார். மச்சான் குடும்பத்தோடு வந்தான். கையில் ஒரு பெரிய கவர். பிரித்தால் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ்.

"மாமா, தொட்டிப் பக்கம் எல்லாம் ஈரமா இருக்கும். உங்க சைஸு அக்காகிட்ட கேட்டு வாங்கினேன்."

அக்கா கற்பூரத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"போட்டுப் பாருங்க மாமா."

போட்டேன். பாழாய்ப்போன பூட்ஸ் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வேட்டியோடு பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு ஓரமாக மவுஸை நகர்த்தி, கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்க்கலாம் என்று அந்த ஊருக்குப் போனேன்.

அவன் நின்றுகொண்டிருந்தான். முன்பு கேட் இருந்த அதே இடத்தில், ஒரு அடி உள்ளே வைக்காமல். கேட்டே இல்லாத இடத்தில், யாராவது திறந்துவிடுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி.

நான் போட்ட சத்தத்தில் பூசணிக்காயைக் கையில் வைத்திருந்த மச்சான் அதைக் கீழே போட்டுவிட்டான். நல்ல நேரத்துக்கு முன்பே அது உடைந்தது. எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி வந்துவிட்டார்கள். பெட்டி துடித்தது. என் மனைவி போனைப் பிடித்துப் படித்தாள்: "'உடம்பு சரியில்லை, தாமதம். இப்போது வாங்கலாமா?'"

"உடம்பு சரியில்லையாமே" என்றேன். "கொக்குக்கு இன்னா வந்திருக்கும்? எதுக்கு இவ்வளவு மரியாதையா கேக்கறான்? இவன் ஏன் உள்ள வரல? விலையைக் கொறைக்கக்கூடச் சொல்லலையே, அதான் எனக்கு..."

"ஏங்க," என்றாள், "நகருங்க."

என் கையை ஒதுக்கிவிட்டு அவளே சம்மதம் என்று பதில் தட்டினாள். ஒரு சின்ன மணிச்சத்தம். விற்றுவிட்டது.

மச்சான் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "அக்கா, பொம்மைதான வித்திருக்காரு. தரைன்னுதான பேச்சு?"

"ஒரே ஒரு பொருள்னு சொன்னேன். தரைன்னு சொல்லல" என்றாள் அவள், கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டே. எனக்கு அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. பூட்ஸில் குனிய வரவில்லை.

மச்சான் இன்னும் திரையை விட்டு நகரவில்லை. தன் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான். "மாமா, இந்த மீசைய எங்கயோ பாத்திருக்கேன்."

"பொரி எடுத்துக்கோ மச்சான்" என்றேன்.

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உப்பளத்தில் படம் எடுக்க அது வசதி. அந்த அம்மா மட்டும் இப்போது, "சாரு பெரிய ஆபீசரு ஆயிட்டாரு போல" என்று முன்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிறார்.

பூஜைக்கு மறுநாள் காலையில், வாங்கிய பொருளை எப்படி வைத்திருக்கிறான் என்று பார்க்கக் கொக்குத் தலையன் வீட்டுப் பக்கம் போனேன். மாடியில், கைப்பிடிச் சுவருக்கு மேலே, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மச்சான் மீசையோடு பிதுங்கப் பிதுங்க விழித்துக்கொண்டிருந்தது.

நான்தான் எழுதியிருந்தேனே, கெட்ட கண் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும் என்று. நேராக என் கடையைப் பார்த்துத்தான் மாட்டியிருந்தான்.

அவனிடம் கேட்டுவிடலாம். கேட்கப் பயமாக இருக்கிறது. தினமும் அவன் மனை ஓரமாகப் போய் நின்று, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை என்னை அவன் தள்ளிவிடவில்லை.